தரகர் வேண்டாம், சரி. வக்கீலும் வேண்டாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு பார்த்திருக்கிறோம். விற்பவர் என் கணவரோடு வேலை பார்த்தவர், அதனால் தரகர் இல்லாமல் நேரிலேயே பேசி 58 லட்சத்துக்கு முடித்துவிட்டோம். வீடு அவருடைய அப்பா வாங்கியது. அப்பா 2014-இல் தவறிவிட்டார், உயில் எதுவும் இல்லையாம், பட்டா இப்போது இவர் பெயரில் இருக்கிறது. 30 வருட வில்லங்கம் ஆன்லைனில் நானே எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் 5 லட்சம் ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரம் எழுதித் தர ஆள் இருக்கிறார், வக்கீலுக்குத் தனியாக எதற்குச் செலவு என்கிறார் கணவர். சரிதானா?

பதில்: தரகரை விட்டது சரி, தெரிந்த மனிதரிடம் நேரில் பேசி முடிக்க முடிந்தால் கமிஷன் மிச்சம். வக்கீலை விடாதீர்கள். அட்வான்ஸை இன்னும் கொடுக்கவில்லை என்றால் அவர் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயமே அங்கேதான். வில்லங்கச் சான்றிதழ் காட்டுவது பதிவான பத்திரங்களை மட்டும். ஒருவர் இறந்து சொத்து வாரிசுகளுக்குப் போனால் அதற்குப் பத்திரம் கிடையாது, அதனால் வில்லங்கத்தில் ஒரு வரிகூட வராது. உயில் இருந்தாலும் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்னொன்று, தேடுவது சர்வே எண்ணை வைத்து. இடையில் உட்பிரிவு ஆகியிருந்தாலோ டவுன் சர்வே எண் வந்திருந்தாலோ பழைய எண்ணில் நடந்தவை புதிய எண்ணில் தேடினால் கிடைக்காமல் போகலாம், இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லை, இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. விற்பவருக்கு அக்கா தங்கை இருக்கிறார்களா, அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. பட்டா ஒருவர் பெயரில் மாறியதால் மற்றவர்களின் பங்கு போய்விடாது, பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு, கிரயப் பத்திரத்துக்கு ஈடு இல்லை. பலரும் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில்: 2014-இல் அந்த அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால் அவருக்கும் மகன் சொத்தில் ஒரு பங்கு உண்டு. அவர் அப்புறம் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போயிருக்கும்! அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் சில வருடம் கழித்துப் பாகம் கேட்டு வழக்கு வரும், அப்போது நீங்கள்தான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். விற்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அப்பா வாங்கிய பத்திரத்தின் அசல், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள் எல்லாவற்றையும் வக்கீல் கையில் கொடுங்கள். பங்கு உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். பங்குதாரர்களில் மைனர் யாராவது இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் நகலோடு திருப்திப்பட வேண்டாம், அசல் ஏதாவது வங்கியில் அடமானமாக இருக்கக்கூடும், அது பதிவாகியிருக்காவிட்டால் வில்லங்கத்தில் தெரியாது.

பத்திரம் எழுதுபவர் நீங்கள் சொல்வதை முறையாக எழுதித் தருவார். சொல்வது உண்மையா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை. வங்கிக் கடன் எடுத்தால் வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று கேட்கலாம், அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. உங்களுக்கென்று ஒருவர் இருக்கட்டும். 58 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 22 ஆயிரம் கட்டப் போகிறீர்கள், அதன் பக்கத்தில் வக்கீல் கருத்துரைக்கு ஆகும் சில ஆயிரங்களைக் கணக்கு பார்க்காதீர்கள் அம்மா.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம், உங்கள் கையிலோ ஆதாரம் இருக்காது. வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம், அதாவது 58,000 ரூபாய், வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள். நேரில் பேசி முடிப்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறார்கள்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் என் வீட்டை நானே நேரடியாக விற்கிறேன். வாங்குபவர் பாதிப் பணம் இப்போது, மீதிக்குப் பின்தேதியிட்ட 4 காசோலை தருகிறேன், பதிவை முடித்துவிடலாம் என்கிறார். காசோலை திரும்பினால் பத்திரத்தை ரத்து செய்துகொள்ளலாம்தானே?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குஜராத்தில் சூரத் பக்கத்து நிலம் ஒன்றை இப்படித்தான் 36 காசோலைகளுக்கு விற்றார்கள், பெரும்பாலான பணம் வரவில்லை என்று வருடங்கள் கழித்து வழக்குப் போட்டார்கள். விலை முழுதும் வராதது மட்டுமே பதிவான கிரயத்தை ரத்து செய்யக் காரணம் ஆகாது, பாக்கிப் பணத்துக்கு வேறு வழியில் போகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பத்திரத்திலும் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருக்கும், அதன் கீழ்தான் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்.

மீதிப் பணம் வங்கி வரைவோலையாகப் பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கைக்கு வரட்டும், அல்லது முந்தின நாளே உங்கள் கணக்கில் ஏறட்டும். வரைவோலை உண்மையானதுதானா என்று கொடுத்த வங்கிக் கிளையில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவர் வங்கிக் கடன் எடுக்கிறார் என்றால் கடன் தொகையை வங்கி எப்போது, யார் பெயரில் தரும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். அசல் பத்திரங்களையும் வீட்டுச் சாவியையும் அதுவரை கொடுக்காதீர்கள், காட்டுவதற்கு நகல் போதும்.