வெனிசுலாவின் கடற்கரை நகரமான புவெர்ட்டோ லா குரூஸுக்குச் சுற்றுலா போனால் உள்ளே எப்படிச் சுற்றுவது?

விமான நிலையம் பக்கத்து ஊரான பார்சலோனாவில் இருக்கிறது (ஸ்பெயினில் உள்ளது இல்லை, அதே பெயரில் வெனிசுலாவிலும் ஓர் ஊர்). இரண்டும் ஒட்டிய நகரங்கள்தான். இறங்கியதும் டாக்சி பிடிப்பதே நல்லது. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

ஊருக்குள் 'போர் புவெஸ்தோ' என்கிற ஷேர் கார்கள் ஓடும். பெயருக்கே 'இருக்கைக்கு இவ்வளவு' என்றுதான் பொருள். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். இறங்கும் இடம் வந்ததும் 'லா பராதா, போர் ஃபவோர்' (நிறுத்தத்தில் இறங்கணும், தயவுசெய்து) என்று குரல் கொடுக்க வேண்டும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

கடற்கரைச் சாலையான பசேயோ கொலோனுக்கு வண்டியே வேண்டாம், சாயங்காலம் நடந்தால் போதும். இருட்டிய பிறகு வெறிச்சோடிய தெருக்களில் மட்டும் நடக்காதீர்கள். மொச்சிமா தேசியப் பூங்காவின் தீவுகளுக்குப் படகில் போகலாம். திரும்பி அழைத்துவரும் நேரத்தைப் படகுக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மார்கரிட்டா தீவுக்கு ஃபெர்ரி உண்டு, ஆனால் அட்டவணையை நம்பி அன்றைக்கே விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள்.

அப்புறம், பணம். 2021இல் அந்நாட்டு நாணயமான பொலிவாரிலிருந்து ஆறு பூஜ்யங்களை வெட்டினார்கள் (பழைய பத்து லட்சம் புதிய ஒன்றானது); டாலரும் சாதாரணமாகப் புழங்குகிறது. கிழியாத சின்ன நோட்டுகளாக வைத்திருங்கள், சில்லறை கிடைப்பது பெரும்பாடு.