அசையாமல் நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

வட ரஷ்யக் கிராமங்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, அதில் நீங்கள் சொன்ன புரொக்கூதின்-கோர்ஸ்கியின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். 1909இல் எடுத்தவை என்று நம்பவே முடியவில்லை. நிறங்கள் கணினியில் பூசியவையா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. யாருமே சிரிக்கவில்லை, மரம்போல நிற்கிறார்கள். அவ்வளவு துயரமான வாழ்க்கையா அது? அன்றாட வாழ்க்கையின் பதிவு என்கிறார்கள். எனக்கு அதில் அன்றாடமே தெரியவில்லை.

ம., ஈரோடு

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பூசியது அல்ல. செர்கேய் புரொக்கூதின்-கோர்ஸ்கி நீளமான ஒரே கண்ணாடித் தகட்டில் மூன்று படங்கள் எடுத்தார். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக. தகட்டில் மூன்றும் கறுப்பு வெள்ளைதான். அவற்றிலிருந்து எடுத்த கண்ணாடி நேர்ப்பிரதிகளின் வழியே அதே நிற ஒளிகளைச் செலுத்தித் திரையில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி விழச்செய்தால் நிறம் வந்துவிடும். அவர் அப்படித்தான் காட்டினார். 1948இல் அவருடைய வாரிசுகளிடமிருந்து அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வாங்கிய தகடுகள் 1,902. பிற்காலத்தில் கணினி செய்த முக்கிய வேலை அந்த மூன்றையும் பொருத்தியதுதான்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கான விடையும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. மூன்று படங்களையும் எடுத்து முடிக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக்கூடாது. அசைந்தால் மூன்று படங்களும் பொருந்தாமல், கையோ முகமோ சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிரிந்துவிடும். சிரிப்பை அத்தனை நேரம் பிடித்துவைத்துப் பாருங்கள், முகம் கோணிப்போகும். ஆகவே நீங்கள் துயரம் என்று படித்தது பெரும்பாலும் மூச்சை அடக்கி நிற்கும் முகம்.

கிரில்லோவ் ஊருக்கு அருகே ஷெக்ஸ்னா ஆற்றங்கரைப் பகுதியில் எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டின் முன்னால் மூன்று இளம்பெண்கள் நிற்கிறார்கள். தலையில் துணி கட்டியிருக்கிறார்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடை, கையில் காட்டுப்பழங்கள். வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதற்காக அவற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விருந்தாளி யார்? ஜார் மன்னரின் அனுமதிச் சீட்டோடு, பெட்டி பெட்டியாகக் கருவிகளுடன் வந்து இறங்கியிருக்கும் மனிதர். அவர் முன்னால் சாணம் அள்ளும் உடையில் யார் வந்து நிற்பார்கள்? இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். இந்தப் படத்தைப் பல இரவுகள் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் அந்தப் பழங்களில்தான் போய் நிற்கிறது. அந்தப் படத்தில் அன்றாடம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான். காட்டுக்குள் போய், குனிந்து, கொசுக்கடிக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் பறித்த வேலை.

அன்றாடம் தெரியவில்லை என்றீர்களே, அது மிகச் சரியான கவனிப்பு. கை ஓயாமல் நடப்பதுதான் அன்றாடம். இந்தக் கருவிக்கு அது பிடிபடாது. வேலையைப் படம் பிடிக்க வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. புல்லறுப்புக் காலத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள்: ஆட்கள் இளைப்பாறுகிறார்கள். ஆனால் அந்த வேலையின் வேகம் வேறு. வடக்கில் கோடை மிகக் குறுகியது. ஆண்டில் பாதிக்கு மேல் மாடுகள் தொழுவத்திலேயே கிடக்கும். அத்தனை மாதத் தீவனத்தையும் சில வாரங்களில் அறுத்துக் காயவைத்துச் சேர்த்தாக வேண்டும். ஈரப்புல்தான் நன்றாக அறுபடும் என்பதால் விடிவதற்குள் நீண்ட பிடி அரிவாளோடு இறங்கிவிடுவார்கள். 'பனித்துளி இருக்கும்வரை அறு, அரிவாளே. பனித்துளி போனால் நாமும் வீட்டுக்கு' என்று அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. அந்த வீச்சு எந்தத் தகட்டிலும் விழவில்லை. ஓடும் ஆறும் அப்படித்தான். கரையும் வீடுகளும் கூர்மையாக இருக்க, நீர் மட்டும் மூன்று நிறமாகச் சிதறியிருக்கும். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கடினமான வாழ்க்கையா என்றால், ஆம். சந்தேகமே இல்லை. ஆனால் அதை முகங்களில் தேடாதீர்கள்.

அதே 1909இல் லெவுஷினோ பெண்கள் மடத்தில் புல்லறுப்பின்போது அவர் எடுத்த படமும் இருக்கிறது. அந்த மடமும் புல்வெளியும் இன்று ரிபின்ஸ்க் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றன. 1941இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். மொலோகா என்ற ஊரும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் மூழ்கின. சுமார் 1,30,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பழங்களை நீட்டி நின்ற அந்த மூன்று பெண்களுக்குப் பின்னால் தெரிகிறதே, அதுபோன்ற கட்டைச் சுவர்கள்தான் அங்கும். மொலோகாக்காரர்கள் வீடுகளைப் பிரித்தார்கள். கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் அதே கட்டைகளால் மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள்.