அமெரிக்க பட்ஜெட் மசோதாக்களில் எல்ஜிபிடிக்யூ உரிமைச் சண்டை ஏன் வருகிறது?

பட்ஜெட் என்றால் வரி, சாலை, ராணுவம்தானே, அதில் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் என்ன வேலை என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு.

அமெரிக்காவில் என் நெருங்கிய தோழி ஒருவர் திருநங்கை. பகுதிநேர வேலை. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடுதான் அவருடைய ஹார்மோன் மாத்திரைகளுக்குப் பணம் தருகிறது. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபைக்கு வந்த பெரிய வரி, செலவு மசோதாவில், பாலின மாற்றச் சிகிச்சைக்கு மெடிக்கெய்ட் பணம் கிடையாது என்று ஒரு பிரிவு இருந்தது. முதலில் அது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான். கடைசி நேரத் திருத்தத்தில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். மே 22 அன்று 215க்கு 214 என மசோதா நிறைவேறியது. என் தோழியும் அந்தப் பிரிவுக்குள் வந்துவிட்டார்.

இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவந்தால் என்ன? நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பொதுவாக 60 வாக்கு வேண்டும், கிடைக்காது. ஆனால் அக்டோபர் 1 அன்று நிதியாண்டு தொடங்குவதற்குள் செலவு மசோதாக்கள் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் முடங்கும். எப்படியும் நிறைவேற்றியே ஆக வேண்டிய மசோதாவில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால், அதற்காக மொத்தத்தையும் எதிர்க்கப் பலருக்கும் துணிச்சல் வராது. இப்படி ஒட்டிக்கொண்டு போகும் பத்திக்கு அங்கே 'ரைடர்' என்று பெயர். உரிமையை ரத்து செய்யக்கூடத் தேவையில்லை. "இந்தப் பணத்தை அதற்குச் செலவிடக் கூடாது" என்ற ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு வாஷிங்டன் நகரத்தைப் பாருங்கள். திருமணம் செய்துகொள்ளாத துணைகள், ஒரே பாலினத்தவர் உட்பட, பதிவு செய்துகொள்ளலாம், நகர ஊழியர்கள் தங்கள் துணையையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று 1992ல் அந்த நகர மன்றம் சட்டம் போட்டது. எய்ட்ஸ் பலரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனால் நகரத்தின் பட்ஜெட் நாடாளுமன்றத்தின் கையில். அதைச் செயல்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று ஆண்டுதோறும் தடை போட்டு, 2001 வரை சட்டத்தைக் காகிதமாகவே வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் நோயோடு இருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதற்கும் முன்னால், 1987ல், தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசுரங்களுக்கு மத்திய அரசின் பணம் போகக் கூடாது என்று செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இரண்டே பேர்.

இது குடியரசுக் கட்சியின் தவறு மட்டும் என்றும் சொல்ல முடியாது. ராணுவக் குடும்பங்களின் 18 வயதுக்குட்பட்ட திருநர் பிள்ளைகளுக்குச் சில சிகிச்சைகளை மறுக்கும் பிரிவு 2024 டிசம்பரில் ராணுவத்துக்கான ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அந்தப் பிரிவை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் பைடன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது செலவு மசோதா இல்லைதான், ஆனாலும் நிறுத்திவைக்க முடியாத சட்டம் என்பதால் அதே வழி அங்கேயும் பலித்தது.

தங்கள் வரிப்பணம் தங்களுக்கு ஒப்பாத காரியத்துக்குப் போகக் கூடாது என்று ஆதரவாளர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் தனியாகக் கொண்டுவாருங்கள், பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அப்புறம் வாக்களியுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு நடுவே வைத்து ராத்திரியோடு ராத்திரியாக முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, மெடிக்கெய்ட் பிரிவு என்ன ஆனது? 2025 மசோதா 60 வாக்கு தேவைப்படாத தனி வழியில் செனட்டுக்குப் போனது. பட்ஜெட்டோடு நேரடித் தொடர்பில்லாத எதையும் அந்த வழியில் நுழைக்கக் கூடாது என்பது பர்ட் விதி. இந்தப் பிரிவு அதை மீறுகிறது என்று செனட்டின் விதி ஆலோசகர் ஜூன் கடைசியில் சொன்னார், பிரிவு நீக்கப்பட்டது. காப்பாற்றியது ஒரு நடைமுறை விதி. யாரும் மனம் மாறிவிடவில்லை.

அதுவரை என் தோழி மாத்திரைகளைப் பாதியாக உடைத்துப் போட்டு, மீதியை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஜூலை 4 அன்று அந்தப் பிரிவு இல்லாமல் மசோதா கையெழுத்தான பிறகுதான் மறுபடி முழு மாத்திரை போட ஆரம்பித்தார். டப்பாவை மட்டும் இன்னும் தூக்கிப்போடவில்லை.