கேன் பானங்களுக்கு மாட்டும் குளிர்காப்பு உறை உண்மையிலேயே பயன்படுமா? எதைப் பார்த்து வாங்குவது?

நன்றாகவே பயன்படும். ஆனால் உறை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புழுக்கமான நாளில் குளிர்ந்த கேனைச் சூடாக்குவதில் ஏறத்தாழ பாதி வேலையைச் செய்வது அதன் மேல் வேர்க்கிற தண்ணீர். அந்த வேர்வையைக் குறைப்பதுதான் உறையின் முதல் வேலை. இது புரிந்துவிட்டால் எந்த வகை, என்ன அளவு, எப்படி மாட்டுவது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த அலுமினியத்தில் பட்டுத் தண்ணீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது ஆவியானபோது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, கேனில் இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் தண்ணீருக்குச் சுமார் 2.4 கிலோஜூல். 355 மி.லி. கேனின் பக்கவாட்டுப் பரப்பு 250 சதுர செ.மீ. அளவுக்கு வரும். அதன் மேல் 0.1 மி.மீ. தடிமனில் நீர் படிந்தால் எடை 2.5 கிராம், அது கொடுக்கும் வெப்பம் 6 கிலோஜூல். உள்ளே உள்ள பானத்தை 4 டிகிரி சூடாக்க இதுவே போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டுரானும் டார்கன் ஃப்ரியர்சனும் 2013இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் இதைத்தான் விளக்கினார்கள். அவர்கள் கணக்கில் அது 5 டிகிரி.

காற்றின் சூடு 30 டிகிரி, வெயிலும் விசிறியும் இல்லை, கேன் 4 டிகிரியில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் அதிகமானால் வெறும் கேன் 12 டிகிரியைத் தொடக் கால் மணி நேரம் போதும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரையில் செய்த 4 மி.மீ. உறை போட்டால் அதே 12 டிகிரிக்கு 35 முதல் 40 நிமிடம் ஆகும். தடிமனைப் பாதியாக்கி 2 மி.மீ. உறை போட்டாலும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இவை காகிதத்தில் போட்ட தோராயக் கணக்குகள், சூழலுக்கேற்ப மாறும். ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: உறை இல்லாததற்கும் இருப்பதற்கும்தான் பெரிய வித்தியாசம். 4 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் இடையே சில நிமிடங்கள்தான். புழுக்கம் மிகுந்த இடத்தில் தடிமனான உறைக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: அதன் வெளிப்பக்கம் அவ்வளவு குளிராது, அதனால் உறையே வேர்ப்பது குறையும்.

வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது அளவுதான். குட்டையும் பருமனுமான வழக்கமான கேனின் விட்டம் 66 மி.மீ. இந்த விட்டத்தில் 330 மி.லி. கேன் 115 மி.மீ. உயரமும், 355 மி.லி. கேன் 122 மி.மீ. உயரமும், 500 மி.லி. கேன் 168 மி.மீ. உயரமும் இருக்கும். இப்போது நிறையப் பானங்கள் வரும் ஒல்லியான உயரக் கேனின் விட்டம் 58 மி.மீ.க்குள். எனர்ஜி டிரிங்க் வரும் 250 மி.லி. சின்னக் கேன் 53 மி.மீ. ஆக, மி.லி. அளவை வைத்து உறை வாங்கக் கூடாது. 330 மி.லி.யே இரண்டு விட்டங்களில் வருகிறது. நீங்கள் அதிகம் குடிக்கும் கேனைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள். 207 மி.மீ. வந்தால் பருமன் வகை, 182 வந்தால் ஒல்லி, 167 வந்தால் சின்னது.

தட்டையாக மடியும் உறைகளில் விட்டத்தைக் குறிப்பிடாமல் அகலத்தை மட்டும் போட்டிருப்பார்கள். உள்பக்கம் தையலுக்குத் தையல் அளந்த அகலம் கேனின் சுற்றளவில் பாதி இருக்க வேண்டும். 66 மி.மீ. கேனுக்கு அது 104 மி.மீ. நியோப்ரீன் இழுவை கொடுக்கும் என்பதால் இதிலிருந்து 4, 5 மி.மீ. குறைவாக இருந்தால்தான் கேனைக் கவ்விப் பிடிக்கும். சாதாரண ஃபோம் அவ்வளவு இழுபடாது, அதில் 1, 2 மி.மீ. குறைந்தால் போதும். தொளதொளவென்று இருக்கும் உறை உதவாது. இடைவெளி வழியாக ஈரக்காற்று இறங்கி உள்ளேயே வேர்க்கும், தூக்கும்போது கேனும் நழுவும். ஒல்லிக் கேனைப் பருமன் உறையில் போட்டால் நேர்வது இதுதான்.

பொருளைப் பொறுத்தவரை என் ஓட்டு நியோப்ரீனுக்கு. 1930இல் டுபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான செயற்கை ரப்பர் இது; கடலுக்குள் மூழ்குபவர்களின் ஸ்கூபா உடைகளுக்குப் பயன்படும் அதே நுரை வகைதான். இதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. தண்ணீர் மேலே ஒட்டியிருக்கும் துணியோடு நின்றுவிடும், நுரைக்குள் இறங்காது. விலை மலிவான உறைகளில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம். அதன் குமிழ்கள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். உலர்ந்திருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். தண்ணீர் அசையாத காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பதால் நனைந்த ஃபோம் உறை கிட்டத்தட்ட ஈரத்துணி மாதிரிதான். கடையில் பிரித்தறிய எளிய வழி: விரலால் ஓரத்தை நசுக்கி விடுங்கள். உடனே ரப்பர் போலத் துள்ளித் திரும்பினால் நியோப்ரீன். பஞ்சு போல மெதுவாக எழுந்தாலோ, நசுக்கிய தடம் நின்றாலோ ஃபோம்.

தையலையும் பாருங்கள். பக்கத் தையல் ஓவர்லாக் (விளிம்பைச் சுற்றி நூல் பின்னும் தையல்) போட்டு மேல் விளிம்புவரை போயிருக்க வேண்டும், ஏனென்றால் கிழிசல் பெரும்பாலும் மேல் விளிம்பில்தான் தொடங்கும். அடிவட்டத்தைப் பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் நனைந்து காய்ந்து சீக்கிரம் பெயர்ந்துவிடும்; தைத்திருப்பது நல்லது. அடியில் சிறு துளை இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். கேனை உள்ளே தள்ளும்போது காற்று வெளியேறவும், உருவும்போது உள்ளே வரவும் அந்தத் துளை வேண்டும். அடியே இல்லாத வெறும் குழாய் உறைகளும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை, உலோக மேசையில் வைத்தால் அடிவழியாகச் சூடு நேராக ஏறும்.

இனி மாட்டும் விதம். உறையோடு கேனை ஃபிரிட்ஜில் வைப்பது பலர் செய்யும் தவறு. உறைக்கு உள்ளே எது, வெளியே எது என்ற பேதம் தெரியாது; சூடு உள்ளே போவதைத் தடுப்பது போலவே வெளியே வருவதையும் தடுக்கும். கேன் குளிர அதிக நேரமாகும், அவ்வளவுதான் பலன். கேனைத் தனியாகக் குளிர வைத்து, எடுத்தவுடன், அது வேர்ப்பதற்கு முன்பே உறையில் இறக்குங்கள். ஏற்கெனவே வேர்த்திருந்தால் ஒரு துணியால் அடிமுதல் துடைத்துவிட்டு இறக்குங்கள். இடையில் மாட்டிய தண்ணீர் சூட்டுக்குப் பாலம் போடும், உறையையும் கேனோடு ஒட்டவைத்து உருவ முடியாமல் செய்யும். அவசரமாகக் குளிர வேண்டுமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் கேனை 20 நிமிடம் முழுக அமுக்கி வையுங்கள். வெறும் ஐஸ் கட்டிகள் கேனை அங்கங்கேதான் தொடும், தண்ணீர்தான் சுற்றிலும் தழுவும். ஃபிரீசரில் போட்டு மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும், கேன் வெடிக்கும்.

உறையின் மேல் விளிம்பு கேனின் கழுத்து வளைவுக்குக் கீழேயே நிற்கட்டும், குடிக்கும்போது உதட்டில் ஈரத்துணி படக் கூடாது. கேனின் மேல் மூடி உறைக்கு வெளியே இருப்பதால் அந்த வழியாக வரும் சூட்டை உறை ஒன்றும் செய்ய முடியாது. பானம் குறையக் குறைய மீதி வேகமாகச் சூடாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: உள்ளே வரும் சூடு அவ்வளவாகக் குறையாது, அதைத் தாங்கும் பானம்தான் குறைகிறது. மெதுவாகக் குடிப்பவர் 500 மி.லி. கேன் ஒன்றுக்குப் பதில் 250 மி.லி. கேன் இரண்டை வாங்கி, ஒன்றை ஃபிரிட்ஜிலேயே விட்டுவைப்பது எந்த உறையையும்விடப் பெரிய பலன் தரும்.

கழுவுவது எளிது. உறையை உள்வெளியாகத் திருப்பி, வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டுக் கையால் அலசி, துண்டில் வைத்து அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் காயவிடுங்கள். பிழிந்து முறுக்கினால் துணி நுரையிலிருந்து பிரியும். பிளீச், டிரையர், கடும் வெயில் மூன்றும் ஆகாது. இனிப்புப் பானம் சிந்தினால் அன்றே அலசிவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த உறையில் பூஞ்சை பிடித்தால் வாடை லேசில் போகாது.

நீண்ட நேரம் குளிர் நிற்க வேண்டுமென்றால் துணி உறையை விட்டுவிட்டு, இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெற்றிடக் கூட்டுக்குப் போங்கள்; கேனை அதற்குள் இறக்கி வைப்பார்கள். பக்கச் சுவர் வழியாகச் சூடு மிகக் குறைவாகவே வரும். மேலே சொன்ன சூழலில் ஒன்றரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு கேனின் மூடி வழியாக வரும் சூடு மிஞ்சிவிடும். இதில் மேல்வளையத்தில் உள்ள ரப்பர் வாஷர் கேனின் தோளை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இடையில் காற்று சுழலும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: கூட்டில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரின் நடுப்பகுதியைத் தொடுங்கள். சூடாக இருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள், மாற்றிக் கேளுங்கள். கழுவும்போது வாஷரைக் கழற்றித் தனியே தேய்த்துக் காயவையுங்கள், அதன் பள்ளத்தில்தான் அழுக்கு சேரும்.