காலை ஏழு மணி வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று மாதமாகப் பள்ளி நாட்களில் காலை ஏழு மணியானால் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிடுகிறாள். மருத்துவர் பரிசோதனைகள் எல்லாம் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். லீவு போட்டால் பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடுகிறது. மாதம் ஐந்தாறு நாள் லீவு ஆகிறது. கணவர், "நடிக்கிறாள், நாலு போட்டு அனுப்பு" என்கிறார். மாமியார், "பிள்ளையை வதைக்காதே" என்கிறார். எனக்கும் பல வருடமாக வயிற்றுக் கோளாறு உண்டு. என்னிடமிருந்துதான் வந்ததோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் நடிக்கவில்லை. இதை முதலில் உங்கள் கணவர் நம்ப வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஏப்லி, ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட முடிவு இது: பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உடல்நோய் எதுவும் அகப்படவில்லை. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு உடல்நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

நோய் இல்லாமல் வலி எப்படி வரும்? குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. மனம் பதறினால் குடலின் அசைவு மாறும், அங்குள்ள உணர்வு நரம்புகளும் கூர்மையாகிவிடும். மற்ற நாளில் தெரியாமல் போகும் வாயுவும் இழுப்பும் அன்று வலியாகவே தெரியும். பள்ளி இல்லை என்றதும் பதற்றம் தணிகிறது, குடலும் அடங்குகிறது. ஆகவே, பத்து மணிக்கு வலி போவதை நடிப்புக்குச் சாட்சியாக வைக்காதீர்கள். பதற்றத்தால் வந்த வலி அப்படித்தான் போகும்.

ஆனால் அந்த லீவே மறுநாள் வலிக்கு விதையாகிறது. பயந்த இடத்துக்குப் போகாமல் தப்பிக்கும்போது கிடைக்கும் நிம்மதி பெரிய பரிசு. குழந்தை கணக்குப் போட்டுச் செய்வதில்லை. உடல் தானாகவே அதைக் கற்றுக்கொள்கிறது.

நம் அக்கறையும் இதில் சேர்ந்துகொள்கிறது என்பது பெற்றோருக்குக் கசப்பான செய்தி. அமெரிக்க உளவியலாளர் லின் வாக்கரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 16 வயதுக் குழந்தைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து இலேசான அசௌகரியத்தை உண்டாக்கினார்கள். ஒரு பகுதிப் பெற்றோர் "எங்கே வலிக்கிறது, பாவம்" என்று விசாரித்தபடி இருந்தார்கள். இன்னொரு பகுதியினர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அந்த மூன்றாம் பகுதியோடு ஒப்பிட்டால், விசாரித்த இடத்தில் குழந்தைகளின் புகார் ஏறக்குறைய இரண்டு மடங்கானது; பேச்சைத் திருப்பிய இடத்தில் பாதியாகக் குறைந்தது. பேச்சைத் திருப்பினால் குழந்தை மனம் நோகும் என்று பெற்றோர் பயந்தார்கள். வலிப் பிரச்சினை உள்ள குழந்தைகளோ, அதுதான் தங்களுக்கு இதமாக இருந்தது என்றார்கள்.

எனவே நாளை முதல் "வலிக்குதா?" என்ற கேள்வி வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. எழுந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, முகத்தையே கவனிப்பது, இவையும் அதே கேள்விதான். அவளாகச் சொன்னால் ஒரே ஒருமுறை பதில் சொல்லுங்கள்: "வலிக்குதுன்னு தெரியுதும்மா. வலியோடயும் உன்னால போக முடியும். வா, பல் தேய்ச்சிட்டு வந்துடு." முதல் வாக்கியம் வலியை ஏற்கிறது, இரண்டாவது அவள்மீது நம்பிக்கை வைக்கிறது, மூன்றாவது அடுத்த வேலையைக் காட்டுகிறது. முதலாவதை விட்டுவிட்டால் வலியை நிரூபிக்க அவள் இன்னும் சத்தமாக அழ வேண்டியிருக்கும். "நடிக்கிறே" என்ற சொல்லும் அடியும் செய்வது அதைத்தான். பதற்றமும் கூடும், வலியும் கூடும். இரண்டாவதை விட்டால் மாமியாரின் வழி. அவருடைய பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாசத்தைப் பள்ளி விட்டு வந்த பிறகு தாராளமாகக் காட்டட்டும். காலையில் மட்டும் மூன்று பெரியவர்களும் இதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

லீவுக்கு ஒரு விதி எழுதி ஒட்டுங்கள்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. இவற்றில் ஒன்று இருந்தால் லீவு. வழக்கமான அந்தத் தொப்புள் வலி மட்டும் என்றால் பள்ளி. லீவு நாள் ஓய்வு நாளாகவே இருக்கட்டும்: பள்ளி முடியும் நேரம் வரை டிவி, மொபைல், விளையாட்டு கிடையாது, தனிச் சலுகையும் கிடையாது. தண்டனைபோல நடத்தவும் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி உதவும். வலி வந்த பிறகு கற்றுக்கொடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. மாலையில், வலி இல்லாதபோது தினம் ஐந்து நிமிடம்: வயிற்றில் கை வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். இரண்டு வாரம் பழகினால் காலையில் அவளாகவே செய்ய முடியும். இரவுத் தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள், அது எளிதில் தவறிப்போகும். சாப்பிட்ட பிறகு கால் ஊன்ற ஒரு முக்காலி போட்டுப் பத்து நிமிடம் கழிவறையில் உட்காரும் பழக்கம் நல்லது.

பரிசு கொடுக்க நினைத்தால் பள்ளிக்குப் போனதற்குக் கொடுங்கள். "வலி இல்லை" என்று சொன்னதற்குக் கொடுத்தால் வலியை மறைக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

முதல் ஒரு வாரம், பத்து நாள் நிலைமை மோசமாகலாம். வழக்கமாகக் கிடைத்த பலன் நின்றதும் பழைய பழக்கம் ஒருமுறை பொங்கித்தான் அடங்கும். அந்தப் பொங்கலின் உச்சியில், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, "இன்னைக்கு மட்டும்" என்று விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்ற பாடம் படிந்துவிடும். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக்கும். ஆகவே உறுதியாக நிற்கக்கூடிய ஒரு வாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். வகுப்பாசிரியரிடமும் பேசி வையுங்கள்: வலித்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம், வீட்டுக்கு ஃபோன் வேண்டாம்.

இதற்கிடையே பள்ளியில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். உளவியலாளர் கிறிஸ்டஃபர் கியர்னி, பள்ளி மறுப்புக்கு நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்: இனம் தெரியாத பதற்றம், பிறர் முன் பேசவோ தேர்வெழுதவோ பயம், பெற்றோரை விட்டுப் பிரிய மனமின்மை, வீட்டில் கிடைக்கும் சுகம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காலையில் கேட்காதீர்கள். மாலையில் ஏதாவது வேலை செய்துகொண்டே, முகம் பார்க்காமல், "இன்டர்வெல்ல யாரோட இருப்பே?", "எந்த பீரியட் வந்தா கஷ்டமா இருக்கு?", "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?" என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். யாராவது அடிப்பதோ மிரட்டுவதோ தொடுவதோ தெரியவந்தால், மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். ஆபத்துள்ள இடத்துக்குத் தைரியமாகப் போகச் சொல்வது தவறு.

உங்கள் வயிறு பற்றிய பயத்துக்கு வருகிறேன். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் ரோனா லெவியின் குழு 2001இல் இரட்டையர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், எரிச்சல் குடல் நோய் (வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் கோளாறும் திரும்பத் திரும்ப வரும் IBS) ஒருவருக்கு இருக்குமா என்பதை, கூடப் பிறந்த இரட்டைக்கு அது இருப்பதைவிடப் பெற்றோருக்கு இருப்பது அதிகமாகக் காட்டியது. வீட்டில் பார்த்துப் பழகுவதும் சேர்கிறது என்பதே இதன் பொருள். இது உங்கள் குற்றமல்ல. உங்கள் கையில் இருக்கும் ஒரு கருவி. வலிக்கும்போது அவள் எதிரில் புலம்பிப் படுக்காமல், "கொஞ்சம் வலிக்குது, மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு வேலையைப் பார்க்கிறேன்" என்று சொல்லிச் செய்யுங்கள். அதையும் பார்த்துப் பழகுவாள்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், வளர்ச்சி தடைபடுதல், மலத்தில் இரத்தம், நீங்காத வாந்தி, காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டுவலி, வலப்பக்க அடிவயிற்றில் வலி: இவற்றில் எது வந்தாலும் இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் லீவு குறையாவிட்டால் குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். மகள் வர மறுத்தால் நீங்கள் இருவர் மட்டுமாவது போங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஈலை லெபோவிட்ஸ் குழு, பதற்ற நோயுள்ள 124 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டது. குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை தந்ததற்கும், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்ததற்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உங்கள் கணவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.