சகலையின் டிக்கெட்டும் உங்கள் கார்டில்தான்

கேள்வி: நார்த் கரோலினாவில் மோரிஸ்வில் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, லிட்டில் லீக் பேஸ்பால் ஆடுகிறான். டாட்ஜர்ஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹே ஓட்டானி என்றால் அவனுக்கு உயிர். ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் டாட்ஜர்ஸ் ஆட்டம் ஒன்றை நேரில் காட்ட ஆசை. என் சகலை குடும்பம், நண்பர் குடும்பம் எல்லாம் சேர்த்து 12 பேர். குடும்பத்துக்குச் சுமார் 4,000 டாலர் ஆகும். வழக்கம்போல எல்லாவற்றையும் என் கார்டில் புக் செய்துவிட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளலாம், பாயின்ட்ஸாவது வருமே என்று நினைக்கிறேன். கார்டில் ஏற்கெனவே 6,800 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம், மாதம் 200 கட்டுகிறேன். அந்தப் பாக்கியில் 2,900 முந்தைய இரண்டு ட்ரிப்பில் மற்றவர்கள் தர வேண்டியது. கேட்டால் வீட்டில் சங்கடம். ட்ரிப்புக்கென்று மாதம் 250 தனியாகப் போட்டு 1,000 சேர்த்திருக்கிறேன். புதிதாக ஒரு டிராவல் கார்டு எடுத்தால் செலவு குறையுமா? டிக்கெட்டை 12 தவணையில் கட்டும் வசதி நல்லதா? இதையெல்லாம் யோசித்து யோசித்துத் தூக்கம் போகிறது.
— வாசகர், மோரிஸ்வில்

பதில்: பட்ஜெட் போடுங்கள், விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணக்கைத் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். எந்த கார்டு என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த கார்டும் வேண்டாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பேஸ்பாலும் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸும் இல்லை. "எல்லாம் என் கார்டில் போட்டுவிடுகிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

வட்டி 24 சதவீதம் என்றால் தோராயமாக மாதம் 2 சதவீதம். 6,800-க்கு 136 டாலர். நீங்கள் கட்டும் 200-இல் 136 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 64 டாலர். இனி ஒரு டாலர்கூட அந்த கார்டில் தேய்க்காமல் இருந்தாலே, இந்தக் கடன் தீர ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குள் வட்டி மட்டும் 4,700 டாலரைத் தாண்டிவிடும். என் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு, மூன்று ஆண்டில் முடிக்க மாதம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். 2009-இல் வந்த கார்டு சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலானவர்கள் அந்தப் பெட்டியைத் தாண்டி நேராக பாயின்ட்ஸ் எத்தனை என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.

பாயின்ட்ஸ் விஷயத்தில் இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கார்டில் பாக்கி வைத்திருப்பவருக்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாள் என்று பொதுவாக எதுவும் கிடையாது. மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டுபவருக்குத்தான் அந்தச் சலுகை. நீங்கள் சகலைக்கு ஹோட்டல் புக் செய்தால், அன்றிலிருந்தே அந்தத் தொகைக்கு வட்டி ஓடும். பாயின்ட்ஸாகத் திரும்பி வருவது ஒரே ஒரு முறை, 1 அல்லது 2 சதவீதம். வட்டியாகப் போவது மாதாமாதம் 2 சதவீதம். இரண்டாவது மாதத்திலேயே நஷ்டம் தொடங்கிவிடும். சகலை பணம் தர எட்டு மாதம் ஆனால், அவர் பயணச் செலவில் ஆறில் ஒரு பங்கு உங்கள் வீட்டு வரவிலிருந்து போயிருக்கும். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த 2,900-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 58 டாலர் வட்டி. ஆண்டுக்கு 700 டாலர் பக்கம். மற்றவர்கள் போய்வந்த பயணத்துக்கு நீங்கள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணம் இது. இந்த 700-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகனின் ஆசைக்கு வருகிறேன். அது நியாயமான ஆசை, நிறைவேற வேண்டிய ஆசை. ஆனால் அவன் கேட்பது ஓட்டானியை, லாஸ் ஏஞ்சல்ஸை இல்லையே. பெரிய லீக் பேஸ்பாலில் இரண்டு பிரிவு, அதில் நேஷனல் லீக் என்ற பிரிவில் ஆடும் அணி டாட்ஜர்ஸ். வாஷிங்டன் நேஷனல்ஸும் அதே லீக். இப்போதைய அட்டவணை முறையில் டாட்ஜர்ஸ் ஒவ்வொரு சீசனும் ஒரு தொடருக்காவது வாஷிங்டனுக்கு வந்தாக வேண்டும். அட்லாண்டாவுக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டிலிருந்து வாஷிங்டன் சுமார் 270 மைல், காரில் நாலரை மணி நேரம். நாடு முழுக்கப் பறந்துபோய் பார்க்க நினைத்த அணி, உங்களிடமிருந்து அரை நாள் தூரத்துக்கு ஆண்டுதோறும் வருகிறது. இந்த சீசனில் அந்தத் தொடர் முடிந்திருந்தால் அடுத்த சீசனில் பாருங்கள். ஓட்டானி 2023 டிசம்பரில் போட்ட பத்தாண்டு ஒப்பந்தம், 70 கோடி டாலருக்கானது, 2033 வரை இருக்கிறது. பதற வேண்டியதில்லை.

வாஷிங்டன் கணக்கு தோராயமாக இப்படி. காருக்கு 30 மைல் மைலேஜ் என்று வைத்தால் போக வர 18 காலன், 60 டாலர். ஹோட்டல் இரண்டு இரவு, வரியோடு 280. டாட்ஜர்ஸ் வரும்போது டிக்கெட் விலை ஏறும், மேல்தள இருக்கைக்கு ஆளுக்கு 60 என்று வையுங்கள், நால்வருக்கு 240. மெட்ரோவும் பார்க்கிங்கும் 40. சாப்பாடு 100. மொத்தம் 720. மேலே சொன்ன அந்த 700 இதுதான். மற்றவர்களின் பாக்கிக்கு நீங்கள் கட்டும் ஓராண்டு வட்டியில் உங்கள் குடும்பம் நால்வரும் ஓட்டானியைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்தத் தொகைக்குள் முடிக்கச் சில விஷயங்கள் உதவும். ஹோட்டலை மைதானத்தின் அருகில் தேடாதீர்கள். வர்ஜீனியா பக்கம் ஸ்பிரிங்ஃபீல்டில் எடுங்கள். ரிச்மண்டிலிருந்து ஐ-95 வழியாக வரும்போது ஊருக்குள் நுழையும் முன்பே அது வந்துவிடும். வழியில் எக்ஸ்பிரஸ் லேனில் ஏறிவிடாதீர்கள், அதன் சுங்கம் நெரிசலுக்கு ஏற்ப ஏறும். காரை ஃபிராங்கோனியா-ஸ்பிரிங்ஃபீல்ட் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ப்ளூ லைனில் ஏறி, லான்ஃபான்ட் பிளாசாவில் க்ரீன் லைனுக்கு மாறினால் நேவி யார்ட் ஸ்டேஷன். அங்கிருந்து மைதானம் நடக்கும் தூரம்தான். நேஷனல்ஸ் பார்க்கில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு, ஆனால் முதுகுப்பைக்கு இல்லை. புளியோதரையை ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போங்கள், உள்ளே நால்வர் சாப்பிட ஆகும் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். கிளம்பும் முன் மைதானத்தின் பை விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர் என்பது பொதுவாக மூன்று ஆட்டம். முதல் நாள் இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகலிலேயே ஆட்டம் என்றால் அந்தப் பகல் ஆட்டத்தைத் தவிருங்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஓட்டானி பந்து வீசாத நாளிலும் பேட்டிங்குக்கு வருவார், எனவே மாலை ஆட்டமாகப் பார்த்து எடுத்தால் மகன் ஏமாறும் வாய்ப்பு குறைவு. நான்காவது இன்னிங்ஸின் நடுவே வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன், ரூஸ்வெல்ட் என்று பெரிய தலை பொம்மை வேடத்தில் அதிபர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். ஸ்கோர் புரியாதவர்கள்கூட எழுந்து நின்று கத்தும் இடம் அது.

டிக்கெட் பற்றி ஒன்று. 2025 மே மாதத்திலிருந்து, கட்டணங்களெல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதனால் இரண்டு மூன்று தளங்களில் விலையை ஒப்பிடுவது இப்போது சுலபம்.

ஆனால் அதே பக்கத்தில் "12 தவணையில் கட்டலாம்" என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். இந்த வகைத் தவணைகளில் வட்டி 36 சதவீதம் வரைகூடப் போகிறது. 12 பேருக்கு 1,300 டாலர் டிக்கெட்டை 30 சதவீதத்தில் 12 மாதம் கட்டினால் மாதம் 127, மொத்தம் 1,520. கூடுதலாக 220 டாலர். ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், தவணை அடுத்த சீசன் வரை வரும். பார்த்து முடித்த ஒன்றுக்கு மாதாமாதம் கட்டுவது வீட்டில் எவ்வளவு கசப்பை உண்டாக்கும் என்பதை நிறைய கடிதங்களில் படித்திருக்கிறேன்.

டிராவல் கார்டும் அப்படித்தான். மூன்று மாதத்தில் 4,000 செலவழித்தால் 600, 700 டாலர் பெறுமான பாயின்ட்ஸ் என்பார்கள். அதை எட்டுவதற்காகவே 12 பேரின் செலவையும் நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். உங்கள் பழைய கார்டு ஆண்டுக்கு 1,600 டாலர் வட்டி தின்றுகொண்டிருக்கும்போது இந்த 600 எந்த மூலைக்கு? கார்டு கம்பெனிகள் இந்த போனஸைத் தருவது முழுப் பணம் கட்டுபவர்களை நம்பி இல்லை, உங்களைப் போல் பாக்கி வைப்பவர்களை நம்பித்தான்.

ஒரே ஒரு புது கார்டுக்கு மட்டும் தயக்கத்தோடு சம்மதிப்பேன். பழைய பாக்கியை மாற்றிக்கொண்டு 15, 18 மாதம் வட்டியில்லாமல் கட்டவிடும் கார்டு. மாற்றக் கட்டணம் 3 முதல் 5 சதவீதம் இருக்கும். அதைக்கூட முதல் நாளே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றால் மட்டும் எடுங்கள். அதிலும் ஹோட்டல் புக் செய்யத் தொடங்கினால் இரண்டு கடன்.

இனி செய்ய வேண்டியது. சேர்த்த 1,000-ஐ இன்றே கார்டில் கட்டுங்கள். 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு பக்கத்தில் பணம் சேர்ப்பதில் பயனில்லை. மற்றவர்கள் தர வேண்டிய 2,900-இல் பாதி, 1,450 வந்தாலே பாக்கி 4,350 ஆகிவிடும். மாதம் 200, 250 என்று பிரித்துப் போடும் 450-ஐ இனி 390 கார்டுக்கு, 60 ட்ரிப்புக்கு என்று மாற்றுங்கள். 13 மாதத்தில் கார்டு பூஜ்யம். ட்ரிப் கணக்கில் 780 டாலர். வாஷிங்டன் செலவு கடனில்லாமல் கையில் இருக்கும். முழு 2,900-மும் வந்துவிட்டால் இன்னும் நாலு மாதம் முன்பே முடியும்.

அதுவரை பையன் காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் டர்ஹம் புல்ஸ் ஆடுகிறார்கள். டாம்பா பே ரேஸின் டிரிப்பிள்-ஏ அணி, அதாவது பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே. அங்கே ஆடுகிற சிலர் அடுத்த வாரமே பெரிய லீக்கில் நிற்பார்கள். மைதானத்தில் ஒரு பெரிய காளைப் பலகை இருக்கிறது, பந்து அதில் பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் விருந்து. டிக்கெட் பெரிய லீக் விலையில் ஒரு சிறு பங்குதான். பேஸ்பால் கற்றுக்கொள்ளும் பையனுக்கு, ஆட்டக்காரர்களை இவ்வளவு அருகில் பார்ப்பதே பெரிய பாடம்.

கடைசியாக, நீங்கள் தவிர்க்க நினைப்பது. சகலையிடம் கேட்க வேண்டும். இதை மனைவி தலையில் கட்டாதீர்கள். அக்கா தங்கைக்குள் பணப்பேச்சு வந்தால் அது பல பழைய கணக்குகளையும் இழுத்துவரும். நீங்களே பேசுங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், வட்டியைக் கேட்கவும் வேண்டாம். "கார்டு பாக்கியைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். போன ரெண்டு ட்ரிப்ல உங்க பங்கு இவ்வளவு வருது. ஒரே தடவையா முடியலைன்னா ரெண்டு மாசமா ஸெல் (Zelle) மூலமா பணத்தை அனுப்பிடுங்க." கூடவே பழைய ஹோட்டல் ரசீதையும் அனுப்புங்கள். ரசீதைப் பார்த்தால் தொகை பற்றிப் பேச்சே வராது. பெரும்பாலானவர்கள் தரக்கூடாது என்று வைத்திருப்பதில்லை, மறந்திருப்பார்கள். நீங்கள் கேட்காததால் உங்களுக்கு அவசரமில்லை என்று நினைத்திருப்பார்கள். நண்பருக்கும் இதே செய்திதான்.

அப்படியும் வராவிட்டால், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் தொகையை நீங்களே அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுங்கள். உறவை அதற்காக உடைக்க வேண்டாம். ஆனால் அடுத்த புக்கிங்கில் அவர்கள் பெயர் உங்கள் கார்டில் வரக்கூடாது.

சேர்ந்து போவதை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைகள் ஒன்றாகப் போகும் பயணத்துக்கு ஈடில்லை. நீங்கள் ஹோட்டலின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அவரவர் அறையை அவரவர் புக் செய்யட்டும். டிக்கெட்டுக்கு மட்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் ஒருவர்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்போது முதலில் பணம், பிறகு டிக்கெட். "வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள ஆளுக்கு 60 அனுப்புனவங்களுக்கு மட்டும் எடுக்கிறேன்" என்று ஒரே வரி போதும். முதல் முறை குழுவில் கொஞ்சம் மௌனம் இருக்கும். இரண்டாவது முறை எல்லோரும் வியாழக்கிழமையே அனுப்பிவிடுவார்கள்.