ஹார்பினைவிட ஷாங்காயில் அறைக்குள் அதிகம் குளிர்வது ஏன்? எந்த ஊருக்கு எப்படித் தயாராவது?

ஜனவரியில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். ஷாங்காயில் பிளஸ் 5. ஆனாலும் அறைக்குள் நடுங்குவது ஷாங்காயில்தான்.

காரணம் மையச் சூடேற்றம். ஊருக்குப் பொதுவான கொதிகலனிலிருந்து குழாய் வழியே வெந்நீர் வந்து, வீட்டுச் சுவரோர ரேடியேட்டரைச் சூடாக்கும் ஏற்பாடு இது. 1950களில், சீனாவை வடக்கு, தெற்காகப் பிரிக்கும் சின்லிங் மலை - ஹுவாய் ஆற்றுக் கோட்டுக்கு வடக்கேதான் அரசு இதை அமைத்தது. ஷாங்காய் கோட்டுக்குத் தெற்கே. அங்கே பல பழைய வீடுகளில் ஏசி மட்டுமே. சூடான காற்று கூரையோடு நின்றுவிட, தரை சில்லென்றே கிடக்கும். ஈரப்பதம் வேறு, நனைந்த சட்டையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தது போலிருக்கும். எனவே உள்ளே போட தெர்மல், தடித்த சாக்ஸ், வெந்நீர்ப் பை அவசியம். அறை கேட்கும்போது தெற்குப் பார்த்த ஜன்னலாகக் கேளுங்கள், வெயில் வரும்.

ஹார்பினில் சவால் வெளியே. உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும்; மெல்லிய கம்பளி நல்லது. அதன்மேல் ஃபிளீஸ் எனும் பஞ்சுபோன்ற துணிச் சட்டை, பிறகு முழங்கால்வரை இறகுக் கோட். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். ஃபோன் உள்பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று அணையும். கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இறுக மூடிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஹார்பினுக்கு ஒரே கனத்த ஸ்வெட்டர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்குள் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், கழற்ற முடியாமல் வியர்த்து, அந்த ஈரத்தோடு தெருவுக்கு வந்தால்தான் ஆபத்து.